தாழ்வாரங்களின் நகரில் தேர்வுக்காலம்

இத்தாலியின் வடபகுதியில், போ ஆற்றுச் சமவெளி முடிந்து அப்பெனைன் மலைகள் தொடங்கும் இடத்தில் அமைந்த போலோன்யா நகரில், ஜூலை வெயிலானாலும் பிப்ரவரி மழையானாலும் குடையின்றி நெடுந்தூரம் நடக்க முடியும். வீடுகளின் மேல்தளங்களைத் தெருப்பக்கம் நீட்டி, அவற்றைத் தூண்களால் தாங்கியதால் உருவான வளைவுத் தாழ்வாரங்கள் நகரெங்கும் சேர்த்து 62 கிலோமீட்டர் நீள்கின்றன. யுனெஸ்கோ 2021ஆம் ஆண்டு இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தாழ்வாரங்கள் இவ்வளவு பெருகியதற்குப் பல்கலைக்கழகமும் ஒரு காரணம். சட்டம் பயில ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் வந்து குவிந்த மாணவர்களுக்கு வாடகை அறைகள் போதாமற்போனபோது, வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருவின் மேல் நீட்டிப் புதிய அறைகள் கட்டினர். 1288இல் நகராட்சியே புதிய வீடுகளுக்குத் தாழ்வாரம் கட்டாயம் என்று விதி செய்தது.

அந்தப் பல்கலைக்கழகம் தோன்றியது 1088இல் என்பது மரபு. மேற்குலகில் இன்றளவும் இயங்கிவரும் பல்கலைக்கழகங்களுள் மிகப் பழமையானது என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் உயர்கல்வியில் அக்கறையுள்ள பயணி ஒருவர் இன்று போலோன்யாவுக்கு வருவதற்கு அந்தப் பழமையைவிட வலுவான வேறொரு காரணம் இருக்கிறது. உலகின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மாணவரின் அறிவை எழுத்தின் வழியாகவே அளக்கப் பழகிவிட்ட பிறகும், இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் வாய்மொழித் தேர்வை முற்றிலும் கைவிடவில்லை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து கற்பித்தலையும் மதிப்பீட்டையும் எவ்வாறு மாற்றியமைப்பது என்று பல நாடுகளின் கல்வியாளர்கள் விவாதித்துவரும் நிலையில், ஒருகாலத்தில் பிற்போக்கானதாகத் தோன்றிய இந்தப் பழக்கம் மறுபரிசீலனைக்கு உரியதாகியிருக்கிறது.

சாட்ஜிபிடி சார்ந்திருக்கும் ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவு எனப்படுவது, பெருந்தொகையான எழுத்துகளைப் பயிற்சியாகக் கொண்டு, ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணிப்பை மீண்டும் மீண்டும் செய்து புதிய உரையைத் தொடுக்கும் மென்பொருள். அது தரும் கட்டுரை எங்கிருந்தும் வரிக்கு வரி எடுக்கப்பட்டதன்று. ஆகவே நகலைப் பிடிக்க அமைந்த பழைய மென்பொருள்களின் வலையில் அது சிக்குவதில்லை. இயந்திரம் எழுதியதை இயந்திரத்தைக் கொண்டே கண்டுபிடிக்கும் முயற்சியும் தோற்றது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அத்தகைய கண்டறிகருவி ஒன்றை வெளியிட்டது. இயந்திர உரைகளில் 26 விழுக்காட்டையே அது சரியாக அடையாளம் கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை இயந்திர உரை என்று தவறாகப் பழித்தது. அதே ஆண்டு ஜூலையில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறிகருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வில் எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. கடன் வாங்கி வெளிநாடு சென்று, பாடப்புத்தக ஆங்கிலத்தில் ஒப்படைப்பு எழுதித் தரும் தமிழ் மாணவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நீளும் வியா தெல்லிந்திபெந்தென்ஸா என்னும் பெருந்தெருவின் பாதிக்கு மேல் நடந்தால் இடப்புறம் சான் பியெத்ரோ பேராலயம் வரும். இன்றுள்ள கட்டடம் பிற்காலத்தது. ஆயினும் இடைக்காலத்தில் போலோன்யாவின் சட்ட மாணவர்களுக்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது இந்தப் பேராலயத்தில்தான். 1219ஆம் ஆண்டுப் போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியுஸின் ஆணைப்படி, பேராலயத்தின் தலைமைத் திருத்தொண்டர் ஒப்புதலின்றி எவருக்கும் பட்டம் தரலாகாது என்ற நிலை இருந்தது. அந்தத் தேர்வு நடந்த முறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

தேர்வு நாளன்று காலை, மாணவர் திருப்பலி கண்டபின், கூடியிருக்கும் சட்டப் பேராசிரியர்கள் முன் வந்து நிற்பார். ரோமானியச் சட்டத்திலிருந்தோ திருச்சபைச் சட்டத்திலிருந்தோ இரண்டு பகுதிகள் அவருக்கு ஒதுக்கப்படும். இவற்றுக்குப் புங்க்தா என்று பெயர். அவற்றை எடுத்துக்கொண்டு மாணவர் தம் இருப்பிடம் திரும்பிப் படிக்கத் தொடங்குவார். அவரைத் தேர்வுக்கு முன்மொழிந்த ஆசிரியரின் உதவியையும் அவர் பெற்றுக்கொண்டதாகத் தெரிகிறது. அன்றே பிற்பாடு பேராசிரியர்கள் மீண்டும் கூடியதும், மாணவர் அந்தப் பகுதிகளுக்கு விளக்கவுரை நிகழ்த்த, நியமிக்கப்பட்ட தேர்வாளர்கள் கேள்வி கேட்பார்கள். தேர்வாளர் மாணவரைத் தம் மகனைப் போல நடத்த வேண்டும் என்றே விதி இருந்தது. பிறகு வாக்கெடுப்பு. இதில் தேறியவர் வேறொரு நாளில் பேராலயத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு சட்டக் கருத்தை முன்வைத்து நிலைநாட்டுவார். அங்கே எதிர்வாதம் செய்பவர்கள் பேராசிரியர்கள் அல்லர், மாணவர்கள். அதாவது பட்டம் பெறப்போகிறவர் அன்று ஆசிரியரின் இடத்தில் நின்று, தமக்குப் பின்னே வரும் மாணவர்களின் மறுப்புகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஆயத்தம் செய்யும் நேரத்தில் யார் உதவினார்கள் என்று அங்கே எவரும் துப்புத் துலக்கவில்லை. உதவி இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டே முறை வகுக்கப்பட்டிருந்தது. உதவியால் பெற்றது மாணவருடைய அறிவாக மாறியிருக்கிறதா என்பதை மட்டும் நேருக்கு நேர் சோதித்தார்கள். இன்றைய விவாதத்தில் நுட்பமான தீர்வு என்று முன்வைக்கப்படுபவற்றின் சாரம் இதுதான்.

பேராலயத்துக்கு எதிர்ப்புறச் சந்தில் இருக்கும் இடைக்கால அருங்காட்சியகத்தில், சட்டப் பேராசிரியர் ஜொவான்னி த லெஞ்ஞானோவின் கல்லறையிலிருந்து எடுத்துவந்த சலவைக்கல் சிற்பம் ஒன்று உள்ளது. அவர் இறந்தது 1383இல்; சிற்பத்தைச் செதுக்கியவர் பியெர்பாவொலோ தல்லே மசெஞ்ஞே. பேராசிரியரின் நினைவுக்கு எழுப்பிய கல்லறையில் சிற்பியின் உளியை அதிகம் ஈர்த்திருப்பது, புத்தகம் விரித்து மேசைகளில் அமர்ந்திருக்கும் மாணவர் கூட்டம். விரிவுரை என்பது ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் நிகழ்வாக இருந்தாலும், கேட்பவர்களின் முகங்களில்தான் கல்வி நடக்கிறது என்பதை அந்தக் கல் காட்டிவிடுகிறது. இன்றைய பாடத்திட்டக் குழுக்கள் மறந்துவிடும் செய்தியும் அதுவே.

தெரு முடிகிற பியாத்ஸா மஜ்ஜோரே சதுக்கத்தின் மேற்கில் நகர மாளிகை. 1732 ஏப்ரல் 17 அன்று, இருபதே வயதான லௌரா பாஸி, கர்தினால்களும் பேராசிரியர்களும் நிறைந்த அவையில் 49 கருத்துகளை முன்வைத்து வாதிட்டு நிலைநாட்டியது இங்கேதான். மறு மாதமே அவருக்குப் பட்டம் கிடைத்தது. பின்னர்ச் சம்பளம் பெறும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் ஆனார். அதே 1732இல், இளமையில் போலோன்யாவில் இறையியல் பயின்ற இயேசு சபைத் துறவி ஒருவர், தமிழகத்தில் சதுரகராதியைத் தொகுத்து முடித்தார் என்பது இந்த நகருக்கும் தமிழுக்கும் உள்ள சிறிய உறவு. அவர்தான் வீரமாமுனிவர்.

சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் ஆர்க்கிஜின்னாசியோ. 1563இல் எழுந்து 1803 வரை பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாக இருந்த இக்கட்டடத்தின் சுவர்களையும் கூரைகளையும் ஏறக்குறைய 6000 மாணவர் குலச்சின்னங்கள் மறைத்துக்கொண்டிருக்கின்றன. மரத்தாலான உடற்கூற்று அரங்கு 1944 ஜனவரியில் குண்டுவீச்சில் நொறுங்கி, இடிபாடுகளிலிருந்து பொறுக்கியெடுத்த துண்டுகளைக் கொண்டே மீண்டும் அமைக்கப்பட்டது. பேராசிரியரின் உயர்ந்த இருக்கைக்கு மேலுள்ள விதானத்தை, எர்கோலே லெல்லி செதுக்கிய தோலுரித்த மனித உருவங்கள் இரண்டு தாங்குகின்றன. உடலை அறுத்துக்காட்டும் நாள்களில் பேராசிரியர் தடையின்றிப் பேசிவிட்டு இறங்கிவிட முடிந்ததில்லை. சக பேராசிரியர்களும் மாணவர்களும் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு அந்த இடத்திலேயே விடை சொல்ல வேண்டியிருந்தது. கற்பித்தலும் மதிப்பீடும் தனித்தனி அலுவலகங்களாகப் பிரியாத காலம் அது.

அடுத்து வருபவை இரட்டைக் கோபுரங்கள். அசினெல்லி 97 மீட்டர் உயரம், 498 படிகள். பட்டம் பெறுமுன் அதில் ஏறுகிற மாணவர் பட்டம் பெறவே மாட்டார் என்பது இங்கத்திய நம்பிக்கை. அருகிலுள்ள கரிசெந்தாவின் சாய்வு கவலை தருமளவு போனதால் 2023 அக்டோபரில் அப்பகுதி அடைக்கப்பட்டது. கோபுரங்களின் அடியிலிருந்து வடகிழக்காகப் பிரியும் வியா ஸம்போனியே இன்றைய பல்கலைக்கழகத் தெரு. 33ஆம் எண் கட்டடமான பலாத்ஸோ போஜ்ஜி, 1803 முதல் தலைமையிடம்.

இத்தெருவின் வகுப்பறைகளில் தேர்வுக்காலங்களில் நடப்பது பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஆண்டில் பல தேர்வு நாள்கள் அறிவிக்கப்படுகின்றன. அப்பெல்லோ என்று அழைக்கப்படும் இந்நாள்களில் தமக்கு ஏற்றதை மாணவர் அல்மாஎசாமி என்ற இணையச் சேவையில் பதிவுசெய்கிறார். அன்று காலை பெயர்கள் வாசிக்கப்படும். மாணவர் அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் பேராசிரியருக்கு எதிரே அமர்வார். தமக்குப் பிடித்த தலைப்பு ஒன்றைச் சொல்லித் தொடங்கும்படி சில பேராசிரியர்கள் முதலில் இடம் கொடுப்பார்கள். பதற்றம் தணிந்து பேச்சு ஓடத் தொடங்கியதும் கேள்வி வேறு திசையில் திரும்பும். தேர்வுகள் பொதுவில் நடப்பவை என்பதால் கதவு திறந்தே இருக்கும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் கேட்கப்படும் கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். நாளைக்குத் தேர்வுக்கு வரப்போகும் நண்பர்களுக்கு அக்குறிப்பேடு பொக்கிஷம். முடிவில் பேராசிரியர் மதிப்பெண்ணை அங்கேயே சொல்கிறார். முழு மதிப்பெண் 30. தேற 18 வேண்டும். மிகச் சிறந்தவர்க்கு முப்பதோடு சிறப்புப் பாராட்டும் சேரும். அந்த மதிப்பெண் போதாது என்று நினைத்தால் மாணவர் அதை மறுத்துவிட்டு மற்றொரு நாளில் மீண்டும் வரலாம். தேர்வு என்றாலே ஒரே ஒரு மூன்று மணி நேரத்தில் விதி எழுதப்படும் முறையில் வளர்ந்த தமிழகப் பயணிக்கு, கிடைத்த மதிப்பெண்ணை மாணவர் மரியாதையாக மறுத்துவிட்டு எழுந்துபோகும் காட்சியே பெரும் வியப்பாக இருக்கும்.

இம்முறையில் குறைகள் ஏராளம். அவற்றை மறைத்து இதைப் புகழ்வது நேர்மையாகாது. 200 மாணவர் உள்ள வகுப்பில் ஒருவருக்கு 20 நிமிடம் என்று வைத்தால் கேள்வி கேட்க மட்டும் 66 மணி 40 நிமிடம் ஆகும். இதனாலேயே இத்தாலியிலும் பெரிய வகுப்புகளில் முதலில் ஓர் எழுத்துத் தேர்வை வைத்து வடிகட்டுகிறார்கள். எந்தக் கேள்வி வாய்க்கும் என்பது ஓரளவு அதிர்ஷ்டம். பேராசிரியரின் மனநிலை இன்னொரு அதிர்ஷ்டம். திக்குவாய் உள்ளவரும் கூச்ச சுபாவம் கொண்டவரும் அயல்மொழியில் பயில்பவரும் அறிவில் குறையாதபோதும் மதிப்பெண்ணில் குறையக்கூடும். பெயரை மறைத்துத் திருத்தும் வசதி இங்கே கிடையாது. முறையீடு செய்ய விடைத்தாளும் மிஞ்சுவதில்லை. எழுத்துத் தேர்வு பிற இடங்களில் பரவியதற்கு இந்த நியாயமான ஐயங்களும் காரணம். வாய்மொழி என்பதாலேயே தேர்வு ஆழமாகிவிடுவதுமில்லை என்பதற்குத் தமிழகப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களே சாட்சி. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் இரண்டு கேள்வி கேட்டு முடிகிற வைவாவால் எவருடைய அறிவும் அளக்கப்பட்டதில்லை.

போலோன்யாவிலும் எழுத்து ஒழிந்துவிடவில்லை. பட்டப்படிப்பின் இறுதியில் ஆய்வேடு எழுதும் வழக்கம் இத்தாலியில் ஊறிப்போனது. அதை எழுதுவது எப்படி என்று, இங்கே பேராசிரியராக இருந்த உம்பெர்த்தோ எக்கோ 1977இல் ஒரு கையேடே வெளியிட்டார். ஒரே மாதத்தில் ஆய்வேட்டை முடிக்கத் துடிப்பவர்கள் பணம் கொடுத்து வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்கலாம், அல்லது வேறு பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வேட்டை நகலெடுக்கலாம் என்று, இரண்டும் சட்டவிரோதம் என்பதை நினைவூட்டியபடியே அவர் அதில் கிண்டலாகச் சொல்கிறார். அறிவின் சான்றாக ஒப்படைக்கப்படும் எழுத்து பிறர் கையால் ஆனதாக இருக்கலாம் என்ற சங்கடம், கணிப்பொறி மேசைக்கு வருமுன்பே இருந்தது. அன்று அதற்குப் பணம் தேவைப்பட்டது; இன்று தேவையில்லை என்பதே மாற்றம்.

இத்தாலி இந்த மாற்றத்தைக் கண்டு முதலில் கதவைச் சாத்தியது. தனியுரிமைக் காரணங்களைக் காட்டி 2023 மார்ச் இறுதியில் சாட்ஜிபிடி நாடெங்கும் தடுக்கப்பட்டது. ஏப்ரல் 28 அன்று சேவை திரும்பியது. நிலைத்து நின்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம். கற்றலின் விளைவுகளை மதிப்பிடவும், தேர்வறையில் முறைகேடுகளைக் கண்காணிக்கவும் பயன்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அது உயர் இடர் கொண்டவை என்று வகைப்படுத்துகிறது. கல்வி நிலையங்களில் மாணவரின் முகத்திலிருந்து உணர்ச்சிகளைக் கணிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்திருக்கிறது. விடைத்தாள் திருத்தும் சுமையை இயந்திரத்தின்மேல் இறக்கிவைத்துவிடலாம் என்று கணக்குப் போடும் நிர்வாகிகள் இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் வேறு திசையில் சென்றிருக்கிறது. அங்கே மதிப்பீடுகள் இரண்டு தடங்களாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் தடம், மாணவருக்கு இவ்வளவு தெரியும் என்று பல்கலைக்கழகம் சான்றளிக்கும் தொகுத்தறி மதிப்பீடு. அது மேற்பார்வையுடன் நேரில் நடக்கும். இரண்டாம் தடம், கற்கும்போதே கற்றலைச் செம்மைப்படுத்த உதவும் வளரறி மதிப்பீடு. அதில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்குத் தடையில்லை. ஏமாற்றுக்காரரைத் தேடி ஆசிரியர் அலைவதை இது நிறுத்துகிறது. ஆயினும் இரண்டு தடங்களும் ஒன்றையொன்று தொடாமல் ஓடினால், சான்றளிக்கும் தடத்தை மட்டும் மாணவர் மதிப்பார், மற்றதை இயந்திரத்திடம் விட்டுவிடுவார். இடைக்காலப் போலோன்யாவின் முறையில் காலையும் மாலையும் ஒரே நாளின் இரண்டு பாதிகளாக இருந்தன. உதவியோடு படித்த அதே பகுதியிலிருந்துதான் உதவியற்ற நேரத்தில் கேள்வி வந்தது. தடங்களைப் பிரிப்பதைவிட இவ்வாறு முடிச்சுப் போடுவதே மேலான வடிவமைப்பு. ஒப்படைப்பை வீட்டில் எந்தக் கருவியோடும் எழுதட்டும். அதற்கென்று தனி மதிப்பெண் வேண்டாம். அந்த ஒப்படைப்பைப் பற்றிய பத்து நிமிட உரையாடலுக்கு மட்டும் மதிப்பெண் இருக்கட்டும். இந்த வாக்கியத்தை ஏன் எழுதினாய், இந்தச் சான்று பொய்யானால் உன் முடிவு என்ன ஆகும், இயந்திரம் சொன்னதில் எதை நீக்கினாய் என்ற மூன்று கேள்விகளைத் தாங்கும் கட்டுரையை யார் தட்டச்சு செய்தார் என்பது பொருட்டில்லை.

போலோன்யாவிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், புனித அந்தோனியாரின் பெயரோடு தமிழர் அறிந்த பதுவை நகரை அடையலாம். போலோன்யாவோடு பிணங்கி வெளியேறிய ஆசிரியர்களும் மாணவர்களும் 1222இல் நிறுவியது அங்குள்ள பல்கலைக்கழகம். பலாத்ஸோ போ என்னும் அதன் பழைய மாளிகையில், 1592 முதல் 1610 வரை அங்கே கற்பித்த கலிலியோவினுடையது என்று காட்டப்படும் முரட்டு மரப் பேச்சுமேடையும், 1595இல் கட்டிய உடற்கூற்று அரங்கும் இன்றும் உள்ளன. படிக்கட்டின் அடியில் சிலையாக நிற்பவர் எலேனா கொர்னாரோ பிஸ்கோபியா. 1678 ஜூன் 25 அன்று அரிஸ்டாட்டிலின் நூல்களிலிருந்து இரண்டு பகுதிகள் அவருக்குத் தரப்பட்டன. கூட்டம் மிகுந்ததால் தேர்வு பேராலயத்துக்கு மாற்றப்பட்டது. அவர் விளக்கி முடித்ததும், இரகசிய வாக்கெடுப்பு தேவையில்லை என்று அவை ஒருமனதாக ஆர்ப்பரித்து அவருக்குத் தத்துவ முனைவர் பட்டம் அளித்தது. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது.

தமிழகப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு மட்டும் பொது வாய்மொழித் தேர்வு எஞ்சியிருக்கிறது. அதுவும் பல இடங்களில் பொன்னாடையும் தேநீரும் கலந்த சடங்காகிவிட்டது. அதற்கு உயிர் கொடுப்பதையும், முதுகலை மாணவர் எண்ணிக்கை குறைவாக உள்ள துறைகளில் ஒரே ஒரு தாளுக்காவது உரையாடல் தேர்வைத் தொடங்கிப் பார்ப்பதையும் அரசாணைக்குக் காத்திராமல் துறைத்தலைவர்களே முன்னெடுக்க முடியும். இத்தாலிக்குச் செல்ல வாய்க்கும் ஆசிரியர்கள், ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலோ ஜூன், ஜூலையிலோ செல்வதாகப் பயணத்தை அமைத்துக்கொண்டு, வியா ஸம்போனியில் தேர்வு நடக்கும் அறையொன்றில் பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, பின்வரிசையில் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். மொழி புரியாவிட்டாலும், கேள்வி எப்போது ஆழமாகிறது என்பது மாணவரின் முகத்திலேயே தெரிந்துவிடும்.